தவறான மாத்திரையும் ஒரு சின்ன ஜெபமும்

என் மனைவி கிருபா குளியலறையில் வழுக்கி விழுந்தது ஒரு வியாழக்கிழமை காலை. அவளுக்கு வயது எழுபத்திரண்டு, எனக்கு எழுபத்தெட்டு. மல்காஜ்கிரியில் எங்கள் வீட்டுக்குப் பதினேழு படிகள். ஆம்புலன்ஸ்காரர்கள் தூக்கி இறக்கும்போது பதினேழிலும் கதறினாள்.

இடுப்பெலும்பு மூன்று துண்டு. தானாகக் கூடாது, உள்ளே கம்பி செலுத்தி ஸ்க்ரூ போட வேண்டும் என்றார் டாக்டர். படுக்கையிலேயே கிடந்தால் நுரையீரலில் சளி கட்டி உயிருக்கே ஆபத்தாம். அவள் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவள். அதனால் ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை நிறுத்தி, செவ்வாய்க்கிழமை முதுகில் ஊசி போட்டு ஆபரேஷன். மற்ற மாத்திரைகளை வழக்கம்போல் என்னையே கொடுக்கச் சொன்னார்கள்.

தினமும் காலையில் ஐந்து மாத்திரைகளில் நிறுத்தச் சொன்ன ஒன்றை எடுத்துவைத்துவிட்டு நான்கைக் கொடுத்தேன். திங்கள் மாலை, எடுத்துவைத்தவற்றை மாத்திரை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நான்கும் தைராய்டு மாத்திரை! நிறுத்த வேண்டியதை நான்கு நாளும் விழுங்கியிருக்கிறாள். இரண்டும் வெள்ளை, ஒரே அளவு. எண்ணிக்கையைச் சரிபார்த்தவன் மாத்திரையைப் பார்க்கவில்லை.

சொன்னால் ஆபரேஷன் தள்ளிப்போகும். அதற்குள் சளி கட்டினால்? சொல்லாவிட்டால், ரத்தம் நிற்காமல் ஆபரேஷன் மேசையிலேயே உயிர் போய்விட்டால்? கொண்டாப்பூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் மகன் முதல் நாளே சொல்லியிருந்தான்: "அப்பா, நீங்க எதையும் தொடாதீங்க, ப்ளீஸ்." அவன் முகத்துக்குப் பயந்து மறைத்துவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

முழங்காலிட முடியவில்லை. நாற்காலியிலேயே தலை கவிழ்ந்தேன். அவளைக் காப்பாற்றும் என்று கேட்கக்கூடத் துணிவில்லை. "ஆண்டவரே, என் வாயைத் திறந்தருளும்" என்று மட்டும் கேட்டேன்.

கிருபா கண் விழித்தாள். "என்ன, மாத்திரையை இப்படிப் பரப்பி வச்சிருக்கிய? காப்பி குடிச்சியளா இல்லையா?"

"கிருபா, தப்புப் பண்ணிட்டேன்." எல்லாவற்றையும் சொன்னேன்.

"நாப்பத்தாறு வருசமா என் பருப்புல கல்லு எண்ணுனிய. இதுல போய் கோட்டை விட்டுட்டியளே! போங்க, நர்ஸ்கிட்ட சொல்லுங்க. நான் இன்னும் சாவல" என்றாள்.

"ஏமைந்தண்டி, தாத்தகாரு?" என்ன ஆச்சு தாத்தா என்று தெலுங்கில் கேட்டபடி பதறி எழுந்தாள் நர்ஸ். சொன்னேன். டாக்டர் வந்தார், மகனும் வந்தான். திட்டுக்காகக் காத்து நின்றேன்.

"இப்பவாவது சொன்னீங்களே. முதுகில் ஊசி போட்டிருந்தால் உள்ளே ரத்தம் கட்டி இரண்டு காலும் விளங்காமல் போயிருக்கலாம்" என்றார் டாக்டர். தள்ளிப்போடவில்லை. முழு மயக்கம் கொடுத்து, ரத்தமும் தயாராக வைத்துக்கொண்டு செய்வதாகச் சொன்னார். மகன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ரத்தம் கொடுக்கப் போனான். நம் சபையிலிருந்தும் ரத்தம் கொடுக்க உங்களில் மூன்று பேர் வந்தீர்கள்.

மறுநாள் ஆபரேஷன் இரண்டு மணி ஐம்பது நிமிடம் நடந்தது. தியேட்டர் கதவு பதினொரு முறை திறந்தது. பத்து முறை வேறு யாருக்கோ. பதினோராவது முறை எங்களைக் கூப்பிட்டார்கள். பிழைத்துவிட்டாள். மூன்றாம் நாள் வாக்கரைப் பிடித்து ஆறு அடி வைத்தாள். ஸ்தோத்திரம்!

இன்றும் அவள் தடியூன்றிச் சபைக்குள் வரும்போது, பிடிப்பதற்குத் தயாராகக் கைகளை நீட்டியபடி பின்னால் வருகிறேன், பார்த்திருப்பீர்கள். பயம் போகவில்லை. ஆனால் எதையும் மறைப்பதில்லை. என்ன தப்புச் செய்தாலும் அன்றே அவளிடமும் மகனிடமும் சொல்லிவிடுகிறேன். பிரியமானவர்களே, பயத்தில் வாயடைத்து உட்கார்ந்திருப்பவர் இங்கே யாராவது இருந்தால், வேறெதுவும் கேட்கத் தெரியாவிட்டாலும் "என் வாயைத் திறந்தருளும்" என்று மட்டும் ஆண்டவரிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, எழுந்து போய்ச் சொல்லுங்கள்.