திருப்பத்தில் ஒரு பூவரசங்கிளை

பெட்ரோல் பங்க்கில் வேலை பார்ப்பவர்களுக்கு நாற்றம் கையில் ஒட்டும். கரண்டு காருக்கு சார்ஜ் போடுகிற இடத்தில் வேலை பார்க்கிற எங்களுக்குக் காதில் ஒட்டும். மிஷினைத் திட்டி என்ன செய்வது, அது ஊமை. பக்கத்தில் புடவைக்கு மேல் நீலக் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கிறவளைத்தான் திட்டுவார்கள். அந்த நீலக் கோட்டுக்காரி நான்.

சிதம்பரத்திலிருந்து கடலூர் போகிற பெரிய ரோட்டில், புதுச்சத்திரம் பக்கம் ஒரு திருப்பத்தில் இறங்கி உள்ளே வந்தால் எங்கள் இடம். தெரியாமல் இறங்கிவிட்டால் மறுபடி பெரிய ரோட்டில் ஏற, பாலத்துக்கு அடியில் புகுந்து சுற்றி வரவேண்டும். நான் ஆறாவதோடு நின்றவள். நாலு பேர் முன்னால் பேசினால் குரல் உள்ளேயே போய்விடும். கூடவே மூணு வயசுப் பெண் வேறு. அடுத்தவர் தப்புக்குத் தலை குனிந்து நிற்கிற வேலையில் இருக்கிறவர்களுக்கு இதெல்லாம் சொல்லாமலே புரியும்.

எலுமிச்சம்பழம்

குறிஞ்சிப்பாடிக்காரர் ஒருவர் புது வண்டியில் குடும்பத்தோடு வந்தார். கோயிலில் பூஜை முடித்த கையோடு முதல் சார்ஜும் நல்ல நேரத்தில் ஏறவேண்டுமாம். குழாய் மாதிரி ஒயரின் நுனியில் இருக்கிற பிளக்கை கன் என்போம். அதைச் சொருகினேன், ஏற ஆரம்பித்தது. நல்ல நேரம் முடியப் போகிறதென்று அவர் சம்சாரம் நாலு சக்கரத்துக்கும் பழம் வைத்துவிட்டார். இவர் உட்கார்ந்து அழுத்துகிறார், வண்டி அசையவில்லை. கன் சொருகியிருக்கிற வரை இந்த வண்டிகள் நகராது, பூட்டிக்கொள்ளும். அதைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அவருடைய அம்மா சகுனம் சரியில்லை என்று கண் கலங்கிவிட்டார்.

கன்னைக் கழற்றினேன், பழம் நசுங்கியது. அந்த அம்மாவின் முகம் மட்டும் தெளியவில்லை. போகும்போது மகனிடம் சொன்னார்: "எண்ணெய் ஊத்தற வண்டியா வாங்குடான்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன். இது மொத அடியே எடுத்து வைக்க மாட்டேங்குது."

பச்சைப் புள்ளி

எங்கள் மிஷினுக்கு ஒரு வியாதி. உள்ளே ஏதாவது கெட்டுப்போனாலும் திரை எரிந்துகொண்டே இருக்கும், கரண்டு மட்டும் ஏறாது. திரை எரிவதால் வண்டிக்காரர்கள் ஃபோனில் பார்க்கிற வரைபடத்தில் எங்கள் இடம் பச்சைப் புள்ளியாகத்தான் தெரியும். ஆபீசுக்கு ஃபோன் போட்டால், அங்கிருந்து பார்க்க நல்லாத்தான் இருக்கிறது, ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு என்பார்கள். பண்ணுவேன். "எரர்" என்று வரும். என் பெண் பேசிய முதல் இங்கிலீஷ் வார்த்தை அதுதான். சோறு பிடிக்கவில்லை என்றாலும் எரர் என்பாள்.

ஒருநாள் வயசான வாத்தியார் ஒருவர், பேட்டரி அடிமட்டத்துக்கு வந்த வண்டியோடு வந்து நின்றார். ஓடலைங்க சார் என்றேன். அவர் கத்தவில்லை. ஃபோனை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். "அதுல பச்சையா இருக்கு, நீ இல்லேங்கிற. ரெண்டு பேருல யாரும்மா இங்க வேலை பாக்கறது?"

கிரைண்டர் பிளக்கு

மிஷின் படுத்தால் அடுத்த கதி பக்கத்து டிபன் கடை அக்காதான். அவர்கள் கிரைண்டர் மாட்டுகிற பிளக்கில் காரை மாட்டலாம். ஏறும், ஆனால் எறும்பு மலை ஏறுகிற மாதிரி. கடலூரில் தங்கச்சி மகள் கல்யாணத்துக்குப் போகிற தாய்மாமன் ஒருவர், பட்டு வேட்டியோடு அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். முகூர்த்த நேரம் வந்தது, போனது. வேறு வண்டி பிடித்துப் போங்கள் என்றால், சீர்வரிசையெல்லாம் இதில் இருக்கிறது என்கிறார். கடைசியில் மாவு அரைக்கிற நேரமும் வந்துவிட்டது. அக்கா வந்து நின்றார்கள். "மாமன் இல்லாம தாலி கட்டிடுவாங்க சார். மாவு இல்லாம நான் கடை தொறக்க முடியாது. காரைக் கழட்டுங்க."

ஒடித்த கிளை

ரோட்டில் லாரி படுத்துவிட்டால் பின்னால் ஒரு மரக்கிளையை ஒடித்துப் போடுவார்கள். கிளையைப் பார்த்தால் தூரத்திலேயே ஒதுங்கவேண்டும் என்பது எல்லா டிரைவருக்கும் தெரியும். எனக்கு வாயால் சொல்ல வராது, கையால் சொன்னால் என்ன என்று தோன்றியது. அடுத்த தடவை மிஷின் நின்றதும், திருப்பத்தில் இருக்கிற பூவரச மரத்தில் பெரிய கிளையாக ஒடித்து உள்ளே வருகிற வழியில் போட்டேன்.

நிஜமாகவே வேலை செய்தது. வண்டிகள் வேகம் குறைக்கும், கிளையைப் பார்க்கும், திரும்பாமல் நேராகக் கடலூருக்குப் போய்விடும். இருக்கிற சார்ஜில் கடலூர் போய்விட்டால் அங்கே வழி இருக்கிறது. அடிக்கடி போகிற டாக்சி டிரைவர் ஒருவர் மட்டும் கண்ணாடியை இறக்கிச் சொல்லிவிட்டுப் போனார்: "தங்கச்சி, உங்க கம்பெனியில ஒழுங்கா வேலை செய்யறது இந்தக் கிளை ஒண்ணுதான்."

பேரு

கிளையை யாரோ படம் பிடித்து நெட்டில் போட்டுவிட்டார்கள். சூப்பர்வைசர் காலையில் பைக்கில் வந்தார். அன்றைக்கும் மிஷின் ஓடவில்லை, கிளை கிடந்தது. அவரே தூக்கிப் பள்ளத்தில் எறிந்தார். காலியான வழியைப் படம் எடுத்து ஆபீசுக்கு அனுப்பினார். இனிமேல் கிளை கிடந்தால் இந்த வேலையில் நீ கிடக்கமாட்டே என்றார். மெக்கானிக் நாளைக்கு வருவாராம். அப்போ இன்னிக்கு வருகிறவர்கள் என்று கேட்க நினைத்தேன், தொண்டை வரைக்கும்தான் வந்தது. என் முகத்தைப் பார்த்து அவரே தன்மையாகச் சொன்னார்: "மிஷின் கெட்டா ரிப்பேர் பண்ணிக்கலாம்மா. பேரு கெட்டா பண்ண முடியாது."

மீன் வண்டி

அன்றைக்கு மத்தியானமே வந்தது அந்த வெள்ளைக் கார். பிச்சாவரம் பக்கத்து ஊர்க்காரர்கள். மகன் ஓட்டுகிறான், பின்னால் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அம்மா மடியில் சாய்ந்திருக்கிறார். புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கடலூர் வரை சார்ஜ் இருக்கிறது, அதுக்கு மேல் பத்தாது, கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம் என்று பச்சைப் புள்ளியை நம்பி இறங்கிவிட்டான். ஓடலை, போயிடுங்க என்று ஓடிப் போய்ச் சொன்னேன். திரைதான் எரியுதே என்று அவனே கன்னை எடுத்துச் சொருகிவிட்டான். எரர். கன் பூட்டிக்கொண்டது. இழுக்கிறான், வரவில்லை. வண்டியும் நகராது.

நான் பெரிய ரோட்டுக்கு ஓடினேன். என் குரல் அவ்வளவு பெரிசு என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். மீன் பெட்டி ஏற்றிய வேன் ஒன்று நின்றது. டிரைவர் பெட்டிகளை ரோட்டோரம் இறக்கிப் போட்டார். ஐஸ் தண்ணியில் கோணி விரித்து அந்தப் பெரியவரைப் படுக்க வைத்தோம். மகனும் அம்மாவும் கூடவே ஏறிப் போனார்கள், அம்மா காலில் ஒரு செருப்புதான் இருந்தது.

காரிலிருந்து கன்னை எடுக்க மறுநாள் மெக்கானிக் வந்துதான் ஆனது. டிக்கிக்குள் அதுக்கென்று ஒரு கயிறு இருக்கிறதாம், இழுத்தால் விட்டுவிடுமாம். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. காரியம் முடிந்த பிறகு மொட்டைத் தலையோடு மகன் காரை எடுக்க வந்தான். நான் எடுத்து வைத்திருந்த ஒத்தைச் செருப்பைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நின்றான். "ஆலப்பாக்கம் தாண்டறதுக்குள்ள முடிஞ்சிடுச்சிக்கா. வழியில ஒரு கல்லைப் போட்டிருந்தாகூட நேரா கடலூர் போயிருப்பேன்."

மெக்கானிக் பார்த்துவிட்டுப் போன மிஷின் அன்றைக்கும் எரர்தான். அன்றைக்கே போய்க் கிளை ஒடித்தேன். சூப்பர்வைசர் ஃபோனில், கிளையை எடு என்றார். வேணும்னா நீங்க வந்து நில்லுங்க சார், கிளை கிடக்கும் என்றேன். அவரும் வரவில்லை, இந்தக் கோட்டை மாட்டிக்கொள்ள வேறு ஆளும் கிடைக்கவில்லை.

மிஷின் இன்னும் அதே மிஷின்தான், புள்ளியும் பச்சைதான், திருப்பத்துப் பூவரசு மட்டும் இப்போது பாதி மொட்டையாக நிற்கிறது.