படல் இல்லாத பட்டி

எங்கள் வீட்டில் ஆட்டெருவுக்கு இருந்த மரியாதை மனிதர்களுக்கு இருந்ததில்லை. பங்குனி பிறந்தால் காங்கேயத்துப் பக்கமிருந்து பட்டிக்காரர் செம்மறிகளை ஓட்டிக்கொண்டு எங்கள் காட்டுக்கு வருவார். சாயங்காலம் மூங்கில் படல்களை வட்டமாக நட்டு ஆடுகளை உள்ளே அடைப்பார். விடிந்து பார்த்தால் அந்த இடம் புழுக்கையால் கறுத்துக் கிடக்கும். மறுநாள் படல் பக்கத்து இடத்துக்கு நகரும். காடு முழுக்க இப்படி அடைத்த பிறகுதான் அப்பா ஏர் பூட்டச் சொல்வார். ஒரு புழுக்கை வரப்பைத் தாண்டினாலும் அவருக்கு வயிறு எரியும்.

வரப்புக்கு மேலே இருந்தது அத்தையின் மேட்டுக்காடு. மாமா இறந்த பிறகு அத்தை பிறந்த வீட்டில் பங்கு கேட்டாள். அப்பா தங்கைக்குப் பங்கைக் கொடுத்துவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார். அந்த மண்ணில் கடலை முளைத்து, மஞ்சளாகி, அப்படியே காய்ந்துபோகும். இந்த வருஷமும் எரு விழாவிட்டால் காட்டை விற்றுவிட்டுச் சிங்காநல்லூரில் மில் வேலை தேடப் போவதாக அம்மாவிடம் சொல்லி அழுதாள். பட்டிக்காரரோ அப்பா தலையசைக்காமல் மேட்டில் ஒரு படல்கூட நட மாட்டார்.

அந்தக் கோடையில்தான் நியூசிலாந்தில் மண் ஆராய்ச்சி செய்யும் சித்தப்பா லீவில் வந்தார். வந்ததும் வராததுமாக, “அக்காளுக்கும் நாலு நாளைக்குப் பட்டிய உடுங்கண்ணா” என்றார். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காப்பி குடிக்கும்போது சித்தப்பா வேறு பேச்சை எடுத்தார்.

“எங்க ஊர்ல ஆட்டெருவச் சீந்த ஆளில்லீங்கண்ணா. படலும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆடு அதுபாட்டுக்குத் திரியும், அதுபாட்டுக்குப் படுக்கும். பத்தாத சத்துக்கு ஏரோப்ளேன்ல உரம் தூவறாங்க.”

எனக்கு ஏரோப்ளேன் பிடித்துப்போயிற்று. ஆட்டெருவுக்கு மதிப்பில்லாத ஒரு நாடு உலகத்தில் இருக்கிறது என்பதை மட்டும் நம்ப முடியவில்லை.

“நாமளும் படலில்லாம உட்டுப் பாக்கலாங்களா?” என்றார் சித்தப்பா.

அப்பா காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார். அது எப்போதோ ஆறிப்போயிருந்தது.

“செரி, உங்க ஊரு மாதிரியே பண்ணிப்போடு” என்றார்.

பட்டிக்காரர் பதறிப்போனார். “ஏனுங்க, நாய்நரி வந்தா என்னுங்க பண்றது?” என்று கேட்டுப் பார்த்தார். ஒன்றும் எடுபடவில்லை. முணுமுணுத்தபடி படல்களை வண்டியோரம் சாத்தி வைத்தார்.

விடிந்ததும் வேடிக்கை பார்க்க ஓடினேன். எங்கள் காட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புழுக்கை. மந்தை மொத்தமும் மேட்டில், அத்தையின் காட்டில், சொகுசாக அசைபோட்டுக்கொண்டு படுத்திருந்தது. மண்ணே தெரியவில்லை. அத்தை வரப்பில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். சிரிக்கிறாளா, அழுகிறாளா தெரியவில்லை.

“போங்க சித்தப்பா, அத்தன படிச்சும் உங்களுக்கு ஒண்ணுமே தெரியல” என்று நான் கைகொட்டிச் சிரித்தேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டார்.

பட்டிக்காரர் ஓடோடி வந்தார். “படல நட்டு நம்ம காட்டுலயே அடைச்சுப்போடட்டுங்களா?”

“இருப்பா. இவன் சொன்ன கணக்கு எந்த லட்சணத்துல இருக்குதுன்னு இன்னும் நாலு நாளைக்குப் பாத்துப்போடலாம்” என்றார் அப்பா. தம்பியின் மூக்கை உடைக்க அப்பா இவ்வளவு எருவை வீணாக்குகிறாரே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

அந்த வருஷம் மேட்டுக்காட்டில் கடலை கருகருவென்று வந்தது. அத்தை ஒரு மூட்டை கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அப்பா வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. கடலையைத் தின்ன மட்டும் நன்றாகத் திறந்தார்.

போன வருஷம் சித்தப்பாவைப் பார்க்க நியூசிலாந்து போயிருந்தேன். காரில் போகும்போது பார்த்தால் குன்றுகளின் சரிவெல்லாம் வெளிறிக் கிடக்க, உச்சியில் மட்டும் புல் கரும்பச்சையாக மண்டியிருந்தது. ஏன் என்று கேட்டேன்.

“ஆடு பொழுதானா மேட்டுலதான் போய்ப் படுக்கும் அம்மணி. எருவெல்லாம் அங்கயே சேந்துரும். அத ஆராயறதுதான் என்ற வேலையே.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அடப்பாவி சித்தப்பா! அப்ப, தெரிஞ்சேதான் அப்பாவ ஏமாத்துனீங்களா?”

சித்தப்பா வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார்.

“ஏமாத்துனனா? நானாச்சும் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். ஆட்டுக்குள்ளயே பொறந்து வளந்த மனுசன், உங்கப்பனுக்கு அது தெரியாதுன்னா நெனச்சே?”