திருப்பிப் போட்ட கப்பல்

1. முதல் நாள் பாடம்

ஆம்பூரில் ஷூ கம்பெனி பேட்டர்ன் ரூமில் சேர்ந்த முதல் நாள், இடது கால் ஷூவின் மேல்பாகமான அப்பரை அட்டையில் வரைந்து வெட்டினேன். பிறகு வலது காலுக்கும் ஸ்கேல் வைத்து மெனக்கெட்டு வரைந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்ற மேனேஜர் பாய் சொன்னார்: "இன்னாத்துக்குப்பா ரெண்டு காலும் வரையற? ஒண்ணு வரை, திருப்பிப் போட்டு வெட்டு. டைம் ஜாஸ்தி ஆவுதுல்ல?"

முப்பத்தொரு வருஷம் திருப்பிப் போட்டே பிழைத்தேன். ஒரு ஜோடிகூட அதனால் தப்பாகவில்லை.

ரிட்டயர் ஆன பிறகு போர்க்கப்பல் மாடல் செய்ய ஆரம்பித்தேன். அட்டை, கத்தி, பசை எல்லாம் பழகின சாமான்கள்தானே. கடலைப் பார்க்க ஆம்பூரிலிருந்து பாதி நாள் பயணம் போகவேண்டும் என்பதெல்லாம் எனக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை. நான் ஷூ அனுப்பின நாடுகளையுந்தான் பார்த்ததில்லை.

2. ஆராய்ச்சி

பள்ளிகொண்டாவிலிருந்து முனிரத்தினம் என்பவர் வந்தார். வயது எண்பதுக்கு மேல். இளவயதில் கடற்படையில் மாலுமியாக இருந்தவர். அவர் வேலை பார்த்த ஃப்ரிகேட் ரகப் போர்க்கப்பலை எப்போதோ உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். அதில் கூட இருந்தவர்களில் ஒன்பது பேர் மிச்சம். வேலூரில் கூடப்போகிறார்கள்; அங்கே வைக்க அந்தக் கப்பலின் மாடல் வேண்டுமாம்.

"அடுத்த வாட்டி கூடறதுக்கு ஆள் இருக்குமோ இல்லியோ மாஸ்டர். ஒரு தபா எல்லாரும் கப்பலைப் பார்த்துடணும்" என்றார்.

எனக்கு வேகம் வந்துவிட்டது. மூன்று மாதம் ஆராய்ச்சி. வெளிநாட்டு மாடல்காரர்களோடு ராத்திரி பகலாக ஈமெயில். பீரங்கி எந்த ரகம், ரேடார் எந்த வருஷத்து ரகம், சாம்பல் பெயிண்டில் நீலம் எவ்வளவு கலந்திருந்தது என்பது வரைக்கும் தோண்டினேன். கப்பலின் ஒரு பக்கத்து டிராயிங் கிடைத்தது. முப்பது போட்டோ சேர்த்தேன். பரம திருப்தி.

இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் முனிரத்தினம் பஸ் ஏறி வருவார். ஸ்டூலில் உட்கார்ந்து, "ஒரு நாள் நடுக்கடல்ல இன்னா ஆச்சுன்னா…" என்று ஆரம்பிப்பார். கதையெல்லாம் அப்புறம் சார், எனக்கு டாக்குமென்ட்தான் வேணும் என்று வாயை அடைத்துவிடுவேன். எங்கள் ஷூ தொழிலில் ஆர்டர் கொடுக்கும் பையர் வாயால் சொல்வதற்கு மதிப்பில்லை. சீல் வைத்த சாம்பிள் எதுவோ அதுதான் சட்டம். மனிதர் டீயைக் குடித்துவிட்டுப் பஸ் ஏறிப் போவார். அந்தக் கப்பலில் ஏழு வருஷம் தூங்கி எழுந்த ஆளை டீ கொடுத்து அனுப்பிவிட்டு, அந்தக் கப்பலைக் கண்ணால் காணாத ஒரு வெள்ளைக்காரனிடம் சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தேன். என் புத்தியை என்ன சொல்ல?

3. இன்ஸ்பெக்ஷன்

கூட்டத்துக்கு மூன்று நாள் முன்னால் மேஜை மேல் கப்பல் தயார். மூன்றரை அடி நீளம். வலது பக்கத்தைப் பார்த்து முனிரத்தினம் கண் கலங்கிவிட்டார். மெதுவாக மேஜையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனார்.

"இது என் கப்பல் இல்ல மாஸ்டர்."

எனக்குச் சுருக்கென்றது. டிராயிங்கை எடுத்துப் பிரித்துக் காட்டினேன். அதை அவர் பார்க்கக்கூட இல்லை.

"அந்தாண்ட பக்கம் மோட்டார் படகு. சரிதான். இந்தாண்டயும் ஏன் அதையே வச்சிருக்கீங்க? இங்க துடுப்புப் படகு தொங்கும். அஞ்சு துடுப்பு. நான் கடல்ல வுழுந்தப்போ அதை எறக்கித்தான் என்னைத் தூக்குனாங்க. அந்தப் படகு இல்லாத கப்பல்ல நான் உயிரோட இருக்கமாட்டேன்."

போட்டோக்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். முப்பதும் வலது பக்கம். இடது பக்கத்துக்கு என்னிடம் ஒரு துண்டு ஆதாரம் இல்லை. அப்படியானால் அந்தப் பக்கத்தை எதைப் பார்த்துச் செய்தேன்? எதையும் பார்க்கவில்லை. வலது பக்க அட்டையைத் திருப்பிப் போட்டு வெட்டியிருந்தேன். ரேடாருக்கு வருஷம் தேடினவனுக்கு, கப்பல் ஜோடி ஷூ இல்லை என்பது தோன்றவே இல்லை.

அவமானமாக இருந்தது. அடுத்தவர் தைத்ததில் ஒரு நூல் பிசகினாலும் ரிஜக்ட் போட்டவன் நான். "இந்த மூணு நாளும் இங்கயே தங்கிடுங்க சார். நீங்க சொல்லுங்க, நான் செய்றேன்" என்றேன்.

மூன்று நாள் அவர் சொன்னார், நான் வெட்டினேன். எட்டு சென்டிமீட்டர் படகு. நடுவில் குறுக்குப் பலகைகள், ஐந்து துடுப்பு. கயிறு எங்கே, கொக்கி எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டே விரலால் காட்டினார். படகைப் பாதி மூடும் தார்ப்பாய்க்கு, பழைய கம்பெனியிலிருந்து கழிவுத் தோல் வாங்கிக் காகிதம்போல் சீவி ஒட்டினேன். மூன்று மாதமாக நான் கேட்க மறுத்த கதையையும் முழுசாகக் கேட்டேன்.

4. கூட்டம்

வேலூரில் ஒரு லாட்ஜ் ஹால். ஒன்பது பேரில் ஏழு பேர் வந்திருந்தார்கள். என் பீரங்கியை ஒருத்தரும் பார்க்கவில்லை. ரேடாரைப் பற்றி நான் எடுத்த பேச்சைக் காதில் போட்டுக்கொள்ள ஆளில்லை. சமையல்காரராக இருந்தவர் சமையலறைப் புகைக்குழாயைத் தேடினார். இன்னொருவர் தான் திருட்டுத்தனமாக பீடி குடித்த மூலையைத் தேடிக் கண்டுபிடித்தார்.

அரக்கோணத்திலிருந்து வந்திருந்த ஜோசப் என்பவர் இடது பக்கம் போய்க் குனிந்தார். விரலைப் படகின் மூன்றாவது பலகை மேல் வைத்தார்.

"நான் இங்கதான் குந்தினு இருந்தேன். யோவ் முனிரத்தினம், நீ இன்னா கனம் கனத்தய்யா அன்னிக்கு."

முனிரத்தினம் சிரித்தார். பிறகு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன். டிராயிங் தேடுங்கள், போட்டோ தேடுங்கள், எல்லாம் வேண்டியதுதான். ஆனால் ஸ்டூலில் ஒருவர் வந்து உட்கார்ந்து, "ஒரு நாள் நடுக்கடல்ல" என்று வாயைத் திறந்தால், கத்தியைக் கீழே வையுங்கள். மறுபக்கத்துக்கான டிராயிங் அவர்தான்.