தாளில் திறக்காத அடுத்த பகுதி

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. நான்காக மடித்த தடம் பழுத்துவிட்டது. கடைசி வரிக்குக் கீழே ‘அடுத்த பகுதி’ என்று அடிக்கோடிட்ட இரண்டு சொற்கள். அவற்றின்மேல் ஒரு நகத்தடம். அதைப் பதித்தவர் ஓவர்சியர்.

2005-இல், கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றிருந்த நான், நம் ஊர்க் குளங்களைப் பற்றி ஓர் இணையதளம் நடத்தினேன். நெய்யூரில் இருந்த என் பழைய மாணவி பக்கங்களை அமைத்துத் தந்தாள். ஒவ்வொரு பக்கமும் தனிக் கோப்பு. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு இணைப்பைக் கையால் எழுத வேண்டும்.

ஓவர்சியர் பொதுப்பணித் துறையில் இருந்தவர். அவர் வேலைக்காலத்தில் ஒரு மழையில் குளம் உடைந்து வயல்கள் மூழ்கின. மிகுதி நீரை வெளியேற்றும் மறுகால் ஷட்டரை அவர் திறக்கவில்லை என்று ஊர் சொன்னது. உண்மையில் ஷட்டரின் தண்டு முன்பே வளைந்து இறுகியிருந்தது. பழுது பார்க்கச் சொல்லி மூன்று முறை மேலே எழுதியிருந்தார். அந்தக் கடிதங்களின் கார்பன் நகல்களை என்னிடம் தந்து, “சாரே, நான் சொன்னா ஆரும் கேக்க மாட்டாவ. நீங்க எழுதினா கேப்பாவ” என்றார். வேறொன்றும் அவர் கேட்கவில்லை.

கட்டுரை நீண்டுவிட்டது. “இதை ஒரே பக்கமா போட்டா பிரவுசிங் சென்டர்ல திறக்கதுக்குள்ள ஆளு எழும்பிப் போயிரும் சார். நாலா முறிப்போம். ஆனா ஒரு காரியம் முடியுத எடத்துல முறிக்கணும்” என்றாள் மாணவி. நாலாக முறித்தேன். ஆனால் முறிக்கும் இடத்தில் அவள் சொன்னதைக் கேட்கவில்லை. வாசகர் அடுத்த வாரமும் வர வேண்டும் என்ற ஆசை எனக்கு. பக்கத்தின் அடியில் ஓடும் வருகை எண்ணிக்கையைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. முதல் பகுதியை இப்படி முடித்தேன்: ‘ஷட்டரின் சாவி ஓவர்சியரின் இடுப்பில் இருந்தது. ஷட்டர் மட்டும் திறக்கவில்லை.’

யாரோ அந்த ஒரு பகுதியை மட்டும் அச்செடுத்துக் குளத்தங்கரை டீக்கடையில் கொடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் காலை ஓவர்சியர் அதே தாளோடு என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

“கீழ ஒரு கோடு கெடக்கு சாரே. அமுக்கிப் பாத்தேன். ஒண்ணும் வரல்ல” என்று சிரித்தார். பிறகு, “மிச்சத்தை எப்போ போடுவிய?” என்றார்.

நான்கு பகுதிகளும் தயாராக இருந்தன. முந்தின நாள்தான் மாணவி, “எல்லாத்தையும் இன்னைக்கே ஏத்திரலாம் சார்” என்று போனில் கெஞ்சியிருந்தாள். நான் ஓவர்சியரிடம், “இன்னும் எழுதி முடியவில்லை” என்றேன். அது பொய். “சரி, மெதுவா எழுதுங்க” என்று தாளை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அவரது நியாயத்தைச் சொன்ன நான்காம் பகுதி மூன்று வாரம் கழித்து வந்தது. அதை யாரும் அச்செடுக்கவில்லை. அவர் டீக்கடைக்குப் போவதை நிறுத்தியிருந்தார். சில ஆண்டுகள் கழித்து அவருடைய அடக்கத்துக்குப் போனபோது, எனக்கு முன்னால் நின்ற ஒருவர் பக்கத்து ஆளிடம், “ஷட்டரைத் தொறக்காத ஓவர்சியருல்லா” என்றார். ஊர் வாயால் சொன்னதை எழுத்தில் உறுதி செய்துகொடுத்தவனே நான்தானே.

கட்டுரை வந்து பத்தாண்டுகளுக்குப் பிறகு, எழுபத்தாறு வயதில், அந்தக் கோப்புகளைத் திறக்க மாணவியிடம் கற்றுக்கொண்டேன். அவள் செய்து தருவதாகச் சொன்னாள். நானே செய்ய வேண்டும் என்றேன். நான்கு பகுதிகளின் தலையிலும் ஒரே வரிகளை எழுதினேன்: ஷட்டர் பழுதாகியிருந்தது. ஓவர்சியர் மூன்று முறை எழுதிக் கேட்டார். இதை மூன்று வாரம் மறைத்துவைத்தது இந்தக் கட்டுரையை எழுதியவனின் குற்றம். எந்தப் பக்கத்தைத் தனியாக எடுத்தாலும் அவை உடன் வரும். வருகை எண்ணிக்கையை நீக்கிவிட்டேன்.

நேற்று முதல் பகுதியை அச்செடுத்துக்கொண்டு அதே டீக்கடைக்குப் போனேன். அடக்கத்தில் அப்படிச் சொன்னவர் இருந்தார். வாசித்து முடித்து என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

“இது ஒமக்கு அப்பமே தெரியுமா சாரே?”

“தெரியும்.”

அவர் தாளைத் திருப்பி நீட்டினார். கடையிலேயே இருக்கட்டும் என்றேன்.

நகத்தடம் பதிந்த பழைய தாளை அவருடைய கார்பன் நகல்களோடு சேர்த்து வைத்திருக்கிறேன். அந்தக் குளத்தைச் சுற்றி இன்னும் மூன்று டீக்கடைகள் உண்டு. நாளைக் காலை அடுத்த கடைக்குப் போகிறேன்.