விளக்கு வைக்கும் நேரத்துப் பூட்டு

கருத்தம்மாள் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் அவள் மூக்குதான் உள்ளே போகும். வாங்க என்று சொன்னவர்களைப் பார்க்கமாட்டாள். அடுப்படி எந்தப் பக்கம், சிலிண்டர் எங்கே நிற்கிறது, சாமி விளக்குக்கு மேலே காலண்டர் தொங்குகிறதா என்று கண்ணை ஓட்டிவிட்டுத்தான் உட்காருவாள். உட்கார்ந்த பிறகும் சும்மா இருக்கமாட்டாள். "என்னமோ கருகுற மாதிரி இல்ல?" என்பாள். ஒன்றும் கருகியிருக்காது. ஆனாலும் அந்த வீட்டுக்காரி எழுந்துபோய் ஒரு நடை பார்த்துவிட்டு வந்துதான் காப்பி கொடுக்க முடியும்.

எம்.ரெட்டியபட்டியில் அவள் வீடு. புருஷன் பால்பாண்டி ஊருக்கும் அருப்புக்கோட்டைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். பாவப்பட்ட மனுஷன். வீட்டில் கொசுவத்தி கொளுத்த அனுமதி கிடையாது என்பதால் கல்யாணமான நாளிலிருந்து கொசுவுக்கு ரத்ததானம் செய்துகொண்டிருக்கிறார். போனைச் சார்ஜில் போட்டால், அது நிரம்பும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் காக்க வேண்டும். கேஸ் ரெகுலேட்டரை அவர் மூடினால் அவள் போய்த் திருகிப் பார்ப்பாள். அவளே மூடினாலும் திரும்பப் போய்த் திருகிப் பார்ப்பாள்.

இதற்கு அவளை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அந்தக் கரிசல் பக்கத்தில் தீ தானாகப் பிடித்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். வைக்கோல் படப்பு எரிந்தால் "யாரு வச்சது?" என்பதுதான் முதல் கேள்வி. எப்படிப் பிடித்தது என்று கேட்கிறவனை விவரம் இல்லாதவன் என்று ஒதுக்கிவிடுவார்கள். கருத்தம்மாள் பாவாடை கட்டிய வயதில், அவர்கள் கூரை வீட்டுக்குப் பக்கத்தில் நிலபுலம் உள்ள ஒரு சம்சாரியின் சோளத்தட்டைப் படப்பு பற்றிக்கொண்டது. அப்பாவும் அம்மாவும் பருத்திக் காட்டுக்குக் கூலிக்குப் போயிருந்தார்கள். பொறி பறந்து வந்து கூரையில் விழுந்தபோது, அவள் ஆட்டுக்குட்டியை மட்டும் இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தாள். மற்ற எல்லாம் போயிற்று.

சம்சாரி தன் பங்காளியைச் சொன்னார். பங்காளி கூலிக்காரர்களைக் கைகாட்டினார். கூலிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வைத்த கை எது என்று கடைசிவரை தெரியவில்லை. கருத்தம்மாளின் அப்பா பாதி ஊரோடு பேச்சு வார்த்தை இல்லாமலேயே செத்துப்போனார். அவர் மகளுக்கு விட்டுப்போனது இந்தச் சந்தேகம் ஒன்றைத்தான். அதை அவள் ஒரு குறையுமில்லாமல் காப்பாற்றி வந்தாள்.

உலகத்தில் இப்படிப்பட்ட குணத்துக்கும் சம்பளம் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். அருப்புக்கோட்டை பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சங்கரபாண்டியன், கூட்டத்தோடு கூட்டமாக வந்து சேலைகளைச் சுருட்டிக்கொண்டு போகும் பெண்களால் நொந்துபோயிருந்தார். அந்த நேரத்தில் கருத்தம்மாள் வேலை கேட்டு வந்தாள். வந்தவள் முதலாளியின் முகத்தைப் பார்க்காமல், அவர் தலைக்கு மேலே இருந்த ஸ்விட்ச் போர்டையே முறைத்துக்கொண்டிருந்தாளாம். "ஏன் மொதலாளி, அது லேசா கறுத்திருக்கே, பாத்தீகளா?" என்று கேட்டதும், அவளை வாசலில் நிறுத்திவிடலாம் என்று அவர் முடிவு செய்துவிட்டார். காக்கிச் சட்டையைச் சேலைக்கு மேலே மாட்டிக்கொண்டு நின்றவள், வந்த கொஞ்ச நாளிலேயே வயிறு பெருத்திருந்த ஒரு பெண்ணிடமிருந்து பட்டுச்சேலைகளைப் பிரசவம் பார்த்து எடுத்தாள். அதற்குப் பிறகு கடையில் அவளுக்கு மரியாதை.

மூன்று மாடிக் கடை. கீழே ஆண்கள் துணி, நடுவில் சேலை, மேலே தையல். மேலே ஜாக்கெட் தைக்கிற, சேலைக்கு ஓரம் அடிக்கிற பெண்களில் கருத்தம்மாளின் மகள் சத்யபிரியாவும் ஒருத்தி, பக்கத்து மிஷினில் சுகந்தி. அம்மாவும் மகளும் காலையில் ஒன்றாகப் பஸ் ஏறி, ராத்திரி பால்பாண்டியின் ஆட்டோவில் ஒன்றாகத் திரும்புவார்கள்.

மகள் அந்த மாடியில் இருந்ததால் தாய்க்கு அந்தக் கடையின் ஒவ்வொரு வயர் மேலும் கண். மணல் வாளியில் யாரோ ஊதுபத்தி செருகி வைத்திருப்பார்கள். இவள் பிடுங்கி எறிந்து, "தீய அணைக்க வச்ச மண்ணுல தீய நட்டு வைக்கீகளே, நல்லாருப்பீகளா?" என்று சத்தம் போடுவாள். தீயணைப்பு நிலையத்திலிருந்து ஆட்கள் வந்து சிவப்பு சிலிண்டரை இயக்கிக் காட்டியபோது, மற்றவர்கள் போனில் படம் எடுத்தார்கள். இவள் மட்டும் வாங்கிப் பின்னைப் பிடுங்கி, தீயின் அடியைப் பார்த்து அடித்துப் பழகினாள். வந்த அதிகாரி பின்பக்கப் படிக்கட்டையும், அது போய்ச் சேரும் சந்துக் கதவையும் பார்த்தார்.

"இந்தக் கதவு எப்பவும் திறந்தே இருக்கணும்" என்றார் அவர்.

"திறந்துதான் சார் கெடக்கு" என்றார் சங்கரபாண்டியன். அது காலை வேளை. கதவு திறந்துதான் கிடந்தது.

சாயங்காலம் கதை வேறு. கல்லாவுக்குப் பக்கத்தில் விளக்கு ஏற்றும்போது பின்வாசலைச் சாத்திவிட வேண்டும். இல்லையென்றால் முன்வாசலில் வருகிற லட்சுமி பின்வாசல் வழியாகப் போய்விடுவாள் என்பது வீடுகளில் உள்ள வழக்கம்தான். சங்கரபாண்டியன் கடையிலும் அது உண்டு. விளக்கு ஏற்றிச் சூடம் காட்டி முடித்ததும் கதவைத் திரும்பத் திறந்துவிட வேண்டும். எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிடுகிற அந்த நேரத்தில் கருத்தம்மாள் மட்டும் கண்ணை மூடுவதில்லை. பின்வாசல் வழியாகச் சேலை வெளியே போகிறதோ என்று அவளுக்குச் சந்தேகம். கடையில் வேலை பார்க்கிற யாரோ எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று அவள் உறுதியாக நம்பினாள். உள்ளே தாழ் போட்டால் உள்ளே இருக்கிறவர்கள் திறந்துவிடுவார்கள் அல்லவா? அதனால் விளக்கு நேரத்தில் சந்துப் பக்கமாகப் போய், வெளியிலிருந்து பூட்டைப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள். கடை அடைக்கிறவரைக்கும் அந்தக் கதவு திறக்காது. முதலாளியிடம் சொன்னபோது, "நீ பாத்துக்க கருத்தம்மா" என்றார். மாடியில் இருந்தவர்களுக்கு, கதவு சாமிக்காகக் கொஞ்ச நேரம் சாத்தியிருக்கிறது என்பதற்கு மேல் எதுவும் தெரியாது.

கடைக்குக் கரெண்ட் வேலை பார்க்க வருகிறவன் வீரபாண்டி. நரிக்குடிப் பக்கத்துப் பையன், அதிகம் பேசமாட்டான். அவன் மேல் கருத்தம்மாளுக்கு இருந்த சந்தேகத்துக்கு அளவே இல்லை. அவன் ஒட்டுப்போட்ட வயர் எதையும் அவள் நம்பியதில்லை. பின்னால் உள்ள மீட்டரைப் பார்க்க வேண்டும், சாவி கொடுங்க அக்கா என்று ஒருநாள் விளக்கு வைத்த பிறகு கேட்டான். கொடுக்கவில்லை. தானே வந்து திறந்து, அவன் வேலையை முடிக்கும்வரை முதுகுக்குப் பின்னால் நின்றாள். "என்னைக்காச்சும் இந்தக் கடைய இவந்தான் கொளுத்தப்போறான், பாத்துக்கிட்டே இருங்க" என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்தாள். தினமும் கேட்டுக் கேட்டு, மாடிப் பெண்களுக்கும் அது பாதி உண்மையாகிவிட்டது.

தீபாவளி நெருங்கியது. லோடு லோடாகச் சரக்கு வந்து இறங்கியது. வைக்க இடமில்லாமல் முன்பக்க மாடிப்படிக்கு அடியில் அட்டைப்பெட்டிகளை அடுக்கினார்கள். அதற்குள்ளேயே சீரியல் விளக்குகளின் வயர்கள் கூடும் ஜங்ஷன் பெட்டியும் மாட்டிக்கொண்டது. கருத்தம்மாள் கத்தினாள். "தீவாளி முடியட்டும்" என்றார் முதலாளி. அவுக சொல்லிவிட்டால் சொன்னதுதான்.

அன்றைக்கு விளக்கு வைத்தாயிற்று, பின்வாசலைப் பூட்டியாயிற்று. முன்வாசலில் நிற்க இடமில்லாத கூட்டம். கருத்தம்மாள் ஒரு பெண்ணின் பையைத் துழாவிக்கொண்டிருந்தபோது மூக்கில் ஏறியது. இந்தத் தடவை நிஜமாகவே கருகியது.

திரும்பிப் பார்ப்பதற்குள் மாடிப்படிக்கு அடியில் புகை பொங்கியது. அவள் சிவப்பு சிலிண்டரை எடுத்து அடித்தாள். அட்டையும் பாலித்தீனும் சேர்ந்து எரிந்த புகை கண்ணைப் பிடுங்கியது. யாரோ அவளைப் பின்னால் இழுத்தார்கள். கீழே இருந்த ஜனம் மொத்தமும் ரோட்டுக்கு வந்து விழுந்தது. முன்படியில் இனி யாரும் இறங்க முடியாது. மேலே இருக்கிறவர்கள் பின்படியில் இறங்கிச் சந்துக்கு வந்திருப்பார்கள் என்று அவள் நினைத்தாள். அதற்குத்தானே அந்தப் படிக்கட்டு.

அவளுக்கு இருந்த ஆத்திரத்தில் வேறெதுவும் ஓடவில்லை. ரோட்டோரத்தில் நின்ற வீரபாண்டியின் சட்டையைப் பிடித்துவிட்டாள். "சொன்னேன்ல! நீதான் வப்பேன்னு அன்னைக்கே சொன்னேன்ல!"

அவன் அவள் கையைத் தட்டிவிடவில்லை. "அக்கா, பின்வாசச் சாவி எங்க?" என்றான்.

கருத்தம்மாளின் கை தானாக இடுப்புக்குப் போனது. சாவி இருந்தது.  மேலே மகள் இருந்தாள்.

சந்துக்குள் ஓடினார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் கைகள் தட்டுகிற சத்தம். இரும்பு அதிர்ந்தது. "அம்மா, அம்மா" என்று ஒரு குரல். உள்ளே எல்லோரும் அவரவர் அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் அந்தக் குரல் எதுவென்று அவளுக்குத் தெரியும். சாவியைப் பூட்டில் நுழைக்கப் பார்த்தாள். புகை ஏறிய கண்ணுக்கு ஓட்டை தெரியாமல், சாவி பூட்டைச் சுற்றிச் சுரண்டியது. எவனை ஜென்மத்துக்கும் நம்பமாட்டேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தாளோ, அவன் கையில் சாவியைத் திணித்தாள். வீரபாண்டி திறந்தான்.

சேலை எடுக்க வந்தவர்களும் தையல் பெண்களும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு வெளியே வந்தார்கள். சத்யபிரியா வந்து அம்மாவின் மேல் விழுந்தாள். "சுகந்தி படியிலேயே மயங்கிட்டா" என்று அவள் இருமலுக்கிடையே சொன்னதும், வீரபாண்டி முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போனான். சுகந்தியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து தரையில் கிடத்தினான். பிறகு சுவரில் சாய்ந்து இருமினான்.  சாவி அவன் கையிலேயே இருந்தது.

சுகந்தி கண் விழித்ததும்தான் மற்றவர்களுக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் கோபமும் வந்தது.

"எந்தப் பாவிடி வெளிய பூட்டுனது?"

"சாவி இவன் கையிலதான இருக்கு!"

"தீயும் இவன் வச்சதுதான்டி. கருத்தம்மாக்கா அப்பவே சொன்னாகளே!"

ஒருத்தி அவன் சட்டையைப் பிடித்தாள். இன்னொருத்தி செருப்பைக் கழற்றினாள். அந்த நேரம் பார்த்துச் சங்கரபாண்டியனும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். சாவியைப் பார்த்தார். கருத்தம்மாளைப் பார்த்தார். பார்த்த கண் உடனே வேறு பக்கம் போய்விட்டது. "ஏலே, சாவி உன் கையில எப்படிடா வந்துச்சு?" என்று அவரும் வீரபாண்டியைத்தான் கேட்டார்.

வீரபாண்டி இருமிக்கொண்டே கருத்தம்மாளைப் பார்த்தான். அவளைக் கைகாட்டவில்லை.

அவள் சும்மா நின்றாலே போதும். முதலாளி காப்பாற்றிவிடுவார், வேலையும் போகாது. மகள் இப்படியே தோளில் சாய்ந்திருப்பாள். ஊர் முழுக்க நம்பும்படி அவளே இவ்வளவு நாளாகச் சொல்லி வைத்திருக்கிறாள். இனி புதிதாக ஒரு பொய்கூடச் சொல்லத் தேவையில்லை. கருத்தம்மாளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"அவன விடுங்கடி" என்றாள். "பூட்டுனவ நான். தெனமும் நாந்தான் பூட்டுறேன். மொதலாளிக்கும் தெரியும்."

 செருப்பைக் கழற்றியவள் அதைக் கீழே போட்டாள். சத்யபிரியா அம்மாவின் தோளிலிருந்து தலையை எடுத்தாள். முகமெல்லாம் கரி, கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கடையில் பை திறந்து காட்டத் தயங்குகிற பெண்களைக் கருத்தம்மாள் எப்படிப் பார்ப்பாளோ, மகள் அப்படி அவளைப் பார்த்தாள்.

"நான் உள்ள இருக்கேன்னு தெரிஞ்சுதானம்மா பூட்டுன?"

உள்ளே இருக்கிறவர்களை நம்பாமல்தான் அவள் வெளியே பூட்டினாள். அந்த உள்ளே இருக்கிறவர்களில் ஒருத்தி தன் மகள் என்று, பூட்டுகிற வேளையில் ஒருநாள்கூட அவளுக்குத் தோன்றியதில்லை. ஆனால் அதைச் சொன்னால் அதுவும் தப்பித்துக்கொள்கிற பேச்சாகிவிடும்.

"தெரியும் தாயி" என்றாள் கருத்தம்மாள்.