பெருமாயி சரிபார்க்காத கோப்பு

யார் அனுப்பிய நிரலானாலும் பெருமாயி முதலில் படிப்பது அதன் உரிம நிபந்தனைகளைத்தான். திரையில் விரல் வைத்து, முணுமுணுத்தபடி வரிவரியாகப் போவார். "படிக்காம சம்மதம்னு தட்டறது வெத்துத் தாள்ல கைநாட்டு வெக்கற மாதிரிங்க" என்கிறார், அவரைப் பற்றி எழுத வந்த என்னைத் திரும்பிப் பாராமலே.

வயது முப்பத்திரண்டு. வாசலூர்பட்டியில் மிளகுக் கொடிகளுக்கு நடுவே ஓர் அறை. அங்கிருந்து இணையத்தில் பலரும் கூடி, ஒளிந்திருக்கும் புலியைத் தேடும் 'புலியாட்டம்' என்ற கணினி விளையாட்டை நடத்துகிறார். ஊர் ஏரியின் படகுத்துறைக்குச் சுற்றுலா வருபவர்கள் வைஃபை கேட்டால், "இல்லீங்க" என்று கதவைச் சாத்திவிடுவார்.

லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் கணினியை ஓட்டுபவர்கள், தங்களுக்கும் ஒரு பதிப்பு வேண்டும் என்று இரண்டு ஆண்டாகக் கேட்டுவந்தார்கள். கணினியைக் குடைந்து பார்ப்பதில் வல்லவர்கள். ஒளிந்திருக்கும் புலியைக் கள்ளத்தனமாகக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று இவருக்குப் பயம். அதனால் புலி நிற்கும் இடம் ஆடுபவரின் கணினிக்கே போகாமல், தன் சர்வரிலேயே தங்கும்படி மாற்றி எழுதினார். பிறகுதான் லினக்ஸ் பதிப்பை வெளியிட நாள் குறித்தார்.

நான்கு நாள் இருக்கும்போது, சேலத்திலிருந்து அர்த்தனாரி என்பவரின் மின்னஞ்சல். ஆடிப் பார்க்க முன்கூட்டியே கொடுத்திருந்த சோதனைப் பதிப்பில் தன் நிரல் கலந்திருக்கிறதாம். யாரும் இலவசமாக எடுக்கலாம். ஆனால் கலந்து வெளியிடுபவர் தம் நிரலையும் எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும், அதுதான் நிபந்தனை.

"நம்முளுதைக் கறக்கறதுக்கு வலை விரிக்கறாங்க." பெருமாயி பதில் போடவில்லை. ஆனால் அவரால் சும்மா இருக்கவும் முடியவில்லை. மறுநாள் காலை அர்த்தனாரியின் நிரலையும் தன் ஆட்டத்தில் இருந்த கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அர்த்தனாரியின் எழுத்துப்பிழைகூட அப்படியே இருந்தது. கோப்பின் உச்சியில் எழுதியவர் பெயர் மட்டும் வேறு: பெருமாயி.

அது நாமக்கல்லில் இருக்கும் கூட்டாளி யுவராஜ் அனுப்பிய கோப்பு. உடனே போன் போட்டார்.

"இது நீ எழுதுனதா?"

"அவசரத்துக்கு எடுத்துட்டனுங்க்கா. யாருக்குத் தெரியப்போகுதுன்னு..."

"எம்பேரை எதுக்குச் சாமி போட்டே?"

"உங்க பேரு இருந்தா நீங்க நோண்ட மாட்டீங்கன்னுதானுங்க."

பெருமாயி போனை வைத்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. "ஊரையே சந்தேகப்பட்டேன். எம்பேரை மட்டும் நம்பிட்டனுங்க" என்றார்.

அன்றே வெளியீட்டைத் தள்ளிவைத்தார். நடந்ததை மறைக்காமல் அர்த்தனாரிக்கு எழுதினார். ஆடுபவர்கள் கைக்குப் போகும் நிரல் முழுவதையும் திறந்துவிடுவதாக ஒப்புக்கொண்டார்.

பிறகு அந்தக் கோப்பைத் திறந்தார். ஒரே தட்டில் அழித்திருக்கலாம். அவர் தன் பெயரைக் கடைசியிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக அழித்துக்கொண்டு வந்தார். காலியான இடத்தில் 'அர்த்தனாரி' என்று தட்டினார்.