குளிருக்குப் பயந்த அத்தை

எங்கள் அத்தை குளிருக்குப் பயந்து கனடாவிலிருந்து ஓடி வந்தவள் என்றுதான் காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு முழுக்கப் பேச்சு. குளிருக்கு இங்கிலீஷில் என்ன வார்த்தை என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. அத்தை அப்பாவுக்குக் கடைசித் தங்கை. கல்யாணம் முடிந்து மாமா கனடாவுக்குத் திரும்பிப் போய்விட்டார். விசா வருகிற வரைக்கும் அத்தை எங்களோடு இருந்தாள். அங்கே யாரைப் பார்த்தாலும் முதலில் வெயில் மழையைப் பற்றித்தான் பேசுவார்கள், அதை மட்டும் கற்றுக்கொண்டால் போதும் என்று மாமா சொல்லிவிட்டுப் போயிருந்தார். வீட்டில் இங்கிலீஷ் மீடியம் படித்தவள் நான் ஒருத்திதான். ஆகவே டீச்சர் வேலை தானாக என்னிடம் வந்தது. நானும் ஸ்கேலும் கையுமாகத்தான் பாடம் எடுத்தேன்.

எங்கள் பாடப்புத்தகத்தில் ஹாட், வார்ம், கூல், கோல்ட், ஃப்ரீசிங் என்று ஒரு ஏணிப் படம் இருந்தது. காஞ்சிபுரத்தில் வருஷம் பூராவும் முதல் படியிலேயே உட்கார்ந்திருக்கலாம், மற்றதற்கெல்லாம் இங்கே வேலை இல்லை. மைனஸ் டிகிரியை விளக்குவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. வீட்டில் இருந்த ஒரே தெர்மாமீட்டர் ஜுரம் பார்க்கிறது. அதைக் காட்டி, இந்தக் குழாய்க்கும் கீழே, தரையையும் தாண்டி, அப்பா காலை விட்டு உட்காருகிற தறிக்குழி வரைக்கும் பாதரசம் இறங்குவதாக நினைத்துக்கொள் என்றேன். அத்தை குழியை எட்டிப் பார்த்துவிட்டு, அவ்வளவு ஆழத்திலா நான் குடித்தனம் பண்ணப்போகிறேன் என்று சிரித்தாள்.

அவள் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோ கால் வரும். போனைத் தறியின் மேல் சாய்த்து வைத்துவிட்டுக் குடும்பமே முன்னால் உட்காருவோம். அந்தப் பக்கம் அத்தையை ஒட்டி மாமா உட்கார்ந்திருப்பார். அத்தை வானிலை பேசுவாள், அதுவும் இங்கிலீஷில். டுடே வெரி கோல்ட். டுமாரோ ஸ்னோ. நான் பூரித்துப்போவேன். இவள் வேறு எதுவுமே பேசவில்லையே என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நெசவுக்காரர் வீட்டில் வானம்தான் முதல் விசாரிப்பு. விடிகாலையில் தெரு நீளத்துக்குப் பட்டு இழைகளை இழுத்துப் பாவு நீட்டியிருக்கும்போது ஒரு தூறல் போட்டால் போதும், அன்றைய பாடு அவ்வளவுதான். அதனால் எதிரே வருகிறவரிடம் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் மழை வருமா என்று கேட்பார்கள். தங்கச்சி கடல் தாண்டியும் நம்ம வீட்டுப் பழக்கத்தை விடவில்லை என்று அப்பாவுக்கு ஒரே பெருமை.

ஒரு சனிக்கிழமை காலையில், வழக்கமில்லாமல், அத்தை வீடியோ இல்லாமல் வெறும் போன் செய்தாள். அங்கே ராத்திரி. எடுத்த அம்மாவிடம் என்னைக் கூப்பிடச் சொன்னாள். குரல் சன்னமாக இருந்தது.

"கண்ணு, ரொம்ப குளிரா இருக்குது, கொஞ்ச நேரம் உங்க வீட்ல ஒக்காந்துக்கட்டுமான்னு இங்கிலீஷ்ல எப்டிமா கேக்கறது?"

யாரிடம் என்றேன். எதிர் வீட்டில் வயசான வெள்ளைக்கார அம்மா ஒருத்தி தனியாக இருக்கிறாளாம். நான் யோசித்து, இட் இஸ் வெரி கோல்ட், மே ஐ சிட் இன் யுவர் ஹவுஸ் ஃபார் சம் டைம் என்று கட்டிக் கொடுத்தேன். கடைசியில் ப்ளீஸ் போடச் சொன்னேன். மனப்பாடம் ஆகிற வரைக்கும் அத்தை திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். பின்னால் மாமா கத்திக்கொண்டிருப்பது கேட்டது. கிரிக்கெட் பார்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நான் போனை வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னதும் அப்பா தறியை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"இதுக்குப் போயி இங்கிலீஷாமா? நம்ம தெருவுல மழை வந்துச்சுனா பாவையே தூக்கிக்கினு பக்கத்து வீட்டுக்குள்ள பூந்துடறோம். யாரையாவது கேக்கறமா?"

நல்ல கம்பளியாக ஒன்று வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கலாமே என்று அம்மா என்னைக் கடிந்துகொண்டாள்.

அந்த வருஷம் சித்திரைக்கு முன்னாலேயே அத்தை ஒரே ஒரு பையோடு திரும்பி வந்துவிட்டாள். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டும் சொன்னாள். அப்பா ரொம்ப நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. குளிருக்குப் பயந்து யாராவது புருஷனை விட்டுவிட்டு வருவார்களா என்று தெருவே வாயில் போட்டு மென்றது. கத்திரி வெயிலில் நான் கம்பளியை எடுத்து வந்து அத்தையின் தோளில் போர்த்தி, டுடே ஃப்ரீசிங் என்பேன். வீடே சிரிக்கும். அத்தையும் சேர்ந்து சிரிப்பாள்.

இப்போது அவள் செவிலிமேட்டில் தனியாக வீடு எடுத்திருக்கிறாள். டவுன் பஸ்ஸில் பட்டுக்கடைக்கு வேலைக்கு வந்து போகிறாள். மாமாவைப் பற்றி இன்றுவரை வாயைத் திறந்ததில்லை. நாங்களும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

போன குளிர்காலத்தில் என்னை வேலை நிமித்தமாக ஒரு பனி நாட்டுக்கு அனுப்பினார்கள். காரிலிருந்து இறங்கித் தங்குகிற வீட்டு வாசலுக்குப் போவதற்குள் மூக்கும் காதும் மரத்துப்போயின. உள்ளே நுழைந்த கொஞ்ச நேரத்தில் எனக்கு வியர்த்தது. கோட்டைக் கழற்றினேன், ஸ்வெட்டரைக் கழற்றினேன். கூட வந்திருந்த ஆபீஸ்காரியிடம் இதென்ன இப்படி என்று கேட்டேன். இங்கே எல்லா வீடும் இப்படித்தான், குளிர்காலம் முழுக்க ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும் என்றாள். நான் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அழுகையை அடக்க முடியவில்லை.

வெளியே பனி கொட்டினாலும் அந்த ஊர்களில் வீட்டுக்குள் குளிராது. பத்து வயதில் எனக்கு அது தெரியாது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இன்றைக்கும் தெரியாது. ஆனால் எதிர் வீட்டு வெள்ளைக்கார அம்மாவுக்குத் தெரியும். தன் வீட்டை விட்டு வந்து, குளிருகிறது, கொஞ்ச நேரம் உட்காரட்டுமா என்று ஒரு பெண் ராத்திரியில் கேட்டதுமே அவளுக்கு எல்லாம் புரிந்திருக்கும். எங்களுக்குத்தான் புரியவில்லை.